வேர்டில் ஒரு சிறு டிக்: ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே எத்தனை சொல் வரலாம்?

எம்எஸ் வேர்டில் ஆங்கிலக் கடிதமும் அறிக்கையும் எழுதுகிற பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத பட்டியல் ஒன்று உண்டு. விண்டோஸ் பதிப்பில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று வரிசையாகப் போக வேண்டும். அங்கே ‘ரைட்டிங் ஸ்டைல்’ என்ற இடத்தில் ‘கிராமர் அண்ட் ரிஃபைன்மென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தினால் அந்தப் பட்டியல் விரியும். கிளாரிட்டி என்ற தலைப்பின் கீழ் ‘வேர்ட்ஸ் இன் ஸ்பிளிட் இன்ஃபினிடிவ்ஸ், மோர் தேன் ஒன்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்கு முன் டிக் போடும் கட்டம் இருக்கும். இந்த மதிப்புரை அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது.

தமிழில் ‘போக’, ‘எழுத’, ‘சரிபார்க்க’ என்று செயவெனெச்சம் ஒரே சொல்லாக நிற்கிறது. நடுவே எதையும் செருக முடியாது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் இன்ஃபினிடிவ் பெரும்பாலும் ‘டு கோ’, ‘டு ரைட்’, ‘டு செக்’ என்று இரண்டு சொல்லாக எழுதப்படுகிறது. இடையில் ஓர் இடைவெளி இருப்பதால் வினையடை அங்கே நுழைந்துகொள்கிறது. ‘டு குயிக்லி செக்’ என்றால் ஸ்பிளிட் இன்ஃபினிடிவ், அதாவது பிளந்த இன்ஃபினிடிவ். வேர்டின் கட்டம் தேடுவது இதைத்தான், ஆனால் ஒரு வரம்போடு தேடுகிறது. நடுவே ஒரு சொல் இருந்தால் விட்டுவிடும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கோடு போடும். மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் தரும் உதாரணம் ‘ஹீ ட்ரைட் டு ஃபர்ம்லி பட் பொலைட்லி டிக்ளைன் தி ஆஃபர்’. இதை ‘ஹீ ட்ரைட் டு டிக்ளைன் தி ஆஃபர் ஃபர்ம்லி பட் பொலைட்லி’ என்று மாற்றச் சொல்கிறது. உறுதியாக, ஆனால் மரியாதையோடு மறுக்கப் பார்த்தார் என்பது பொருள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டிக் இருக்கட்டும். கோடு விழுந்த இடத்தில் நின்று வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வினையடையை எங்கே வைப்பது என்ற முடிவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். நடுவே எத்தனை சொல் இருக்கிறது என்று அது எண்ணித் தருகிறது. படிப்பவருக்கோ அந்த வினையடை எந்த வினையைச் சேர்ந்தது என்பது தெரிய வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

வரம்பு ஏன் ‘ஒன்றுக்கு மேல்’?

வேர்டின் பழைய பதிப்புகளில் இதே வரிக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவற்றைப் பார்த்தால் அதன் குணம் புரியும். அறுபது சொல்லுக்கு மேல் நீளும் வாக்கியம், மூன்றுக்கு மேல் அடுத்தடுத்து வரும் பெயர்ச்சொற்கள், மூன்றுக்கு மேல் அடுத்தடுத்து வரும் முன்னிடைச்சொல் (‘இன்’, ‘பை’ போன்ற பிரெபொசிஷன்) தொடர்கள். எல்லாமே எண்ணிக்கை. பொருளை எடைபோட முடியாத நிரல் எண்ணிப் பார்க்கலாம் என்ற அடிப்படையில் பிறந்த விதிகள் இவை. எண்ணிக்கை ஒரு நல்ல அறிகுறி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபது சொல் தாண்டிய வாக்கியத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்யும்.

ஒரு சொல்லால் பிளந்ததை விட்டுவிடுவது சரியான முடிவு. அதற்காக இந்தக் கட்டத்தை மனதாரப் பாராட்டலாம். நம் ஊர் ஆங்கில வகுப்புகளில் ‘டு’வையும் வினையையும் பிரிக்கவே கூடாது என்று இன்றும் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பிளந்த வடிவம் 13, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே உண்டு. அதன்பின் நெடுங்காலம் அருகிப்போய், 19ஆம் நூற்றாண்டில் மறுபடி பரவியபோதுதான் எதிர்ப்புக் கிளம்பியது. 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதைக் கண்டித்து எழுதினார். ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் இந்த வழக்கமே இல்லை என்பதுதான் அவர் காட்டிய காரணம். லத்தீனில் இன்ஃபினிடிவ் ஒரே சொல், அதனால்தான் ஆங்கிலத்திலும் பிரிக்கத் தடை வந்தது என்று சொல்லப்படும் விளக்கம் அவருடைய வாதத்தில் இல்லை. 1926இல் ஹென்றி ஃபவ்லர் என்ற ஆங்கில அகராதியியலாளர் தன் ஆங்கில வழக்குக் கையேட்டில் ஆங்கிலம் பேசுவோரை இந்த விஷயத்தில் ஐந்து வகையாகப் பிரித்தார். பிளந்த இன்ஃபினிடிவ் என்றால் என்னவென்று அறியாமலும் அதைப் பற்றிக் கவலைப்படாமலும் இருப்பவர்கள், அறியாமலே கவலைப்படுகிறவர்கள், அறிந்து கண்டிப்பவர்கள், அறிந்து ஏற்பவர்கள், அறிந்து இடம் பார்த்துப் பிரித்தறிபவர்கள். ஐந்தாவது வகைதான் எழுதுகிறவர் போய்ச் சேர வேண்டிய இடம். 1998இல் ஆக்ஸ்ஃபோர்டின் புதிய அகராதி பிளப்பதில் தவறில்லை என்றபோது அது நாளிதழ்ச் செய்தியானது. தடை அர்த்தமற்றது, ஆனாலும் வாசகர்கள் எரிச்சலடைவார்கள், எனவே கடைப்பிடியுங்கள் என்று தன் எழுத்தாளர்களிடம் சொல்லிவந்த எகானமிஸ்ட் இதழ்கூட 2018இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது.

வேர்ட் அதிகம் சறுக்குவது ‘ஒன்றுக்கு மேல்’ என்ற வரம்பில் அல்ல. ஒரே ஒரு வினையடை இருக்கும் இடத்தில்தான் உண்மையான தவறுகள் நிறைய நடக்கின்றன. அங்கே இந்தக் கட்டம் எதையும் பார்ப்பதில்லை.

ஒரே வினையடை, நான்கு இடங்கள்

மேலாளர் அலுவலகக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். ‘சத்தமில்லாமல்’ என்ற வினையடையைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு நான்கு இடங்கள் இருக்கின்றன.

‘தி மேனேஜர் குவைட்லி ஆஸ்க்ட் அஸ் டு செக் தி அக்கவுன்ட்ஸ்’. சத்தமில்லாமல் கேட்டார். குழப்பமில்லை.

‘தி மேனேஜர் ஆஸ்க்ட் அஸ் டு குவைட்லி செக் தி அக்கவுன்ட்ஸ்’. சத்தமில்லாமல் சரிபார்க்க வேண்டும். இதிலும் குழப்பமில்லை.

‘தி மேனேஜர் ஆஸ்க்ட் அஸ் டு செக் தி அக்கவுன்ட்ஸ் குவைட்லி’. பெரும்பாலோர் சரிபார்ப்பதோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

‘தி மேனேஜர் ஆஸ்க்ட் அஸ் குவைட்லி டு செக் தி அக்கவுன்ட்ஸ்’. இங்கே ‘குவைட்லி’ முன்னால் இருக்கும் வினையையும் பார்க்கிறது, பின்னால் இருக்கும் வினையையும் பார்க்கிறது. கேட்டது சத்தமில்லாமலா, சரிபார்ப்பது சத்தமில்லாமலா என்று தெரியாது.

நான்கில் பிளந்தது இரண்டாவது மட்டுமே. கெட்டது நான்காவது. அந்தக் கெட்ட வாக்கியத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘டு’வைப் பிளக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டவர்கள்தான். வினையடையை ஓர் அடி முன்னால் நகர்த்தினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்து அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒரு சொல்தான் என்பதால் வேர்டின் இந்தக் கட்டம் நான்கையும் ஒரேபோலக் கடந்துபோகும்.

தமிழ் வாசகருக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ‘மேலாளர் சத்தமில்லாமல் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்’ என்பதிலும் அதே சிக்கல் இருக்கிறது. ‘உடனே வரச் சொன்னார்’ என்றால் உடனே சொன்னாரா, உடனே வர வேண்டுமா? பேச்சில் குரலும் நிறுத்தமும் இதைத் தீர்த்துவைக்கும். எழுத்தில் ‘கணக்கைச் சரிபார்க்கும்படி மேலாளர் சத்தமில்லாமல் சொன்னார்’ என்று வினையடையை அதன் வினைக்கு ஒட்டி உட்கார வைப்போம். ஆங்கிலத்தில் அப்படி ஒட்டி உட்கார வைக்கும் இடங்களில் ஒன்றுதான் ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே உள்ள இடைவெளி. தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வருவதால், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அந்த இடம் இயல்பாகவே வசப்படும். அதைத் தடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகையில் இடம் மாறினால் பொருளே தலைகீழாகிவிடும். ‘ஹீ ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அன்டர்ஸ்டேன்ட் தி ரூல்’ என்றால் விதி அவருக்கு முழுதாகப் புரியவில்லை, கொஞ்சம் புரிந்தது. ‘ஹீ கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு அன்டர்ஸ்டேன்ட் தி ரூல்’ என்றால் சுத்தமாகப் புரியவில்லை. தமிழில் இந்த வேறுபாட்டுக்கு ‘முழுதாக’, ‘சுத்தமாக’ என்று இரண்டு சொற்கள் இருப்பதால் நாம் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு இரண்டு வேலையும் செய்கிறது. ‘ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு அன்டர்ஸ்டேன்ட்’ என்று நடுவில் வைத்தால் இரண்டாவது பொருளே வரும். பிளக்கக் கூடாது என்று அஞ்சி முதல் வாக்கியத்தை இப்படித் திருத்தியவர், ‘ஓரளவு புரிந்தது’ என்ற தகவலையே அழித்துவிட்டார். ‘கம்ப்ளீட்லி’, ‘ஃபுல்லி’, ‘என்டயர்லி’, ‘ரியலி’ போன்ற அளவு காட்டும் வினையடைகள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. இவற்றை வினைக்கு ஒட்டியே விட்டுவிடுவது நல்லது, பிளந்தாலும் பரவாயில்லை.

‘நாட்’ தனி ஜாதி. ‘ஹீ டோல்ட் மீ நாட் டு கம்’, ‘ஹீ டோல்ட் மீ டு நாட் கம்’ இரண்டும் ‘வர வேண்டாம் என்றார்’ என்பதே. எழுத்தில் முதல் வடிவம்தான் பழகியது. இரண்டாவது பேச்சில் அதிகம், வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லும்போது எழுத்திலும் வரும். ‘ஹீ டிடின்ட் டெல் மீ டு கம்’ என்பதோ ‘வரச் சொல்லவில்லை’. இது வேறு செய்தி. ‘நெவர்’ என்பதும் இதே பாதைதான். ‘ப்ராமிஸ்ட் நெவர் டு லை’, ‘ப்ராமிஸ்ட் டு நெவர் லை’ இரண்டிலும் பொய் சொல்லவே மாட்டேன் என்ற வாக்கு இருக்கிறது. ‘நெவர் ப்ராமிஸ்ட் டு லை’ என்றால் பொய் சொல்வதாக வாக்கே கொடுக்கவில்லை.

‘டுமாரோ’ போல நாளைக் குறிக்கும் சொற்களும் ‘பை ஹேன்ட்’ போலச் செய்யும் விதத்தைச் சொல்லும் தொடர்களும் அந்த இடைவெளிக்குள் போகா. ‘டு டுமாரோ கம்’, ‘டு பை ஹேன்ட் வாஷ்’ என்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள யாரும் சொல்வதில்லை. ‘நாளை வர’, ‘கையால் துவைக்க’ என்று தமிழில் முன்னால் வருபவை ஆங்கிலத்தில் கடைசிக்குப் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைசிக்கு நகர்த்தும் அறிவுரை எப்போது கெடுக்கும்?

மைக்ரோசாஃப்டின் உதாரணத்துக்கே திரும்பலாம். வினையடைகளைக் கடைசிக்கு நகர்த்தியதும் வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் செயப்படுபொருள் ‘தி ஆஃபர்’ என்று இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது. அதை ‘தி ஆஃபர் மேட் பை தி பில்டர்’ என்று நீட்டிப் பாருங்கள். இப்போது கடைசியில் வைத்தால் ‘டு டிக்ளைன் தி ஆஃபர் மேட் பை தி பில்டர் ஃபர்ம்லி பட் பொலைட்லி’ என்றாகும். உறுதியும் மரியாதையும் கட்டடக்காரருடையவை ஆகிவிட்டன. மறுத்தவருடையவை அல்ல.

ஒற்றை வினையடையிலும் இதே கதைதான். ‘யூ நீட் டு கேர்ஃபுல்லி ரீட் தி கான்ட்ராக்ட் தட் தி பேங்க் சென்ட் லாஸ்ட் வீக்’. ‘கேர்ஃபுல்லி’யைக் கடைசிக்கு அனுப்பினால் வங்கிதான் போன வாரம் கவனமாக அனுப்பியது என்று படிக்க நேரும். நடுவழியாக ‘டு ரீட் கேர்ஃபுல்லி தி கான்ட்ராக்ட்’ என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வைப்பதும் நல்லதல்ல. செயப்படுபொருள் குறுகியதாக இருக்கும்போது ஆங்கிலம் அந்த இடத்தில் வினையடையை ஏற்பதில்லை. அது மிக நீளமாக இருந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளும்.

நடைமுறைக்கு ஓர் அளவுகோல். செயப்படுபொருள் மூன்று நான்கு சொல்லுக்குள் முடிந்து, அதற்குள் வேறு வினை எதுவும் இல்லையென்றால் வினையடையைக் கடைசிக்கு அனுப்புங்கள். அதற்குள் ‘தட்’, ‘விச்’, ‘மேட் பை’ போல இன்னொரு வினையை இழுத்து வரும் தொடர் இருந்தால் அனுப்பாதீர்கள். பிளந்தே விடுங்கள், அல்லது வாக்கியத்தை இரண்டாக்குங்கள்: ‘தி பேங்க் சென்ட் எ கான்ட்ராக்ட் லாஸ்ட் வீக். ரீட் இட் கேர்ஃபுல்லி.’ செய்முறைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இதுதான் எப்போதும் சிறந்த வழி. ‘மேக் ஷ்யூர் டு ஃபர்ம்லி பிரெஸ் தி லிட்’ என்பதைவிட ‘பிரெஸ் தி லிட் ஃபர்ம்லி’ தெளிவு. இன்ஃபினிடிவே போய்விட்டதால் பிளக்கும் கேள்வியும் எழாது.

வாக்கியம் இன்ஃபினிடிவில் தொடங்கினால் தப்பிக்க வழி குறைவு. ‘டு ஃபுல்லி சார்ஜ் தி பேட்டரி டேக்ஸ் டூ அவர்ஸ்’ என்பதை ‘ஃபுல்லி டு சார்ஜ்’ என்று மாற்றினால் 19ஆம் நூற்றாண்டுக் கடிதம்போல ஒலிக்கும். அப்படியே விட்டுவிடலாம்.

கோடு விழுந்தாலும் பிளந்தே வைக்க வேண்டியவை

வரம்பு வெறும் எண்ணிக்கை என்பதால் சில நல்ல வாக்கியங்கள் அதில் மாட்டும் வகையில்தான் அமைந்திருக்கின்றன. வணிக அறிக்கைகளில் அடிக்கடி வருவது ‘வீ எக்ஸ்பெக்ட் சேல்ஸ் டு மோர் தேன் டபுள்’. விற்பனை இரண்டு மடங்கைத் தாண்டும் என்பது பொருள். ‘மோர் தேன்’ இரண்டு சொல். இதை நகர்த்த இடமே இல்லை. ‘சேல்ஸ் மோர் தேன் டு டபுள்’ ஆங்கிலமே அல்ல. ‘டு டபுள் மோர் தேன்’ பாதியில் அறுந்துபோன வாக்கியம். கோடு விழுந்தால் இக்னோர் அழுத்திவிட்டுப் போங்கள்.

‘டு அட் லீஸ்ட் ட்ரை’ என்பதிலும் இரண்டு சொல். ‘அட் லீஸ்ட் டு ட்ரை’ என்று முன்னால் கொண்டுவரலாம். ஆனால் முன்னால் வேறு வினை இருந்தால் குவைட்லிக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். ‘டு நாட் ஒன்லி’ என்று தொடங்கி ‘பட் ஆல்ஸோ’ என்று முடியும் அமைப்பை ‘நாட் ஒன்லி டு’ என்று திருப்பிப் போடுவது சுலபம். அப்படிச் செய்தால் ‘பட் ஆல்ஸோ’வுக்குப் பின்னும் ‘டு’வைச் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருந்தால்தான் அந்த அமைப்பு நிற்கும். இங்கே கோடு நிஜமாகவே உதவுகிறது.

மூன்று நான்கு வினையடைகள் குவியும் இடத்தில்தான் இந்தக் கட்டத்தின் அருமை முழுதாகத் தெரிகிறது. ‘டு மோர் குயிக்லி, சேஃப்லி அண்ட் சீப்லி டெலிவர்’ என்று போகும் வாக்கியத்தில் ‘டு’வைப் படித்தவர் வினை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் இந்த விதியின் உண்மையான நியாயம். அறிக்கைகளிலும் திட்ட முன்மொழிவுகளிலும் இப்படி அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே டிக்கைப் போட்டு வைக்கலாம்.

பிளந்ததுபோலத் தெரியும், பிளந்ததல்ல

இதைத் தனியே சொல்லக் காரணம், கோடு விழாத இடத்திலும் சிலர் தாங்களாகவே ‘திருத்தி’க் கெடுத்துவிடுகிறார்கள். ‘டு பி கேர்ஃபுல்லி செக்ட்’ என்பதில் ‘டு’வும் ‘பி’யும் சேர்ந்தே இருக்கின்றன. வினையடை ‘பி’க்குப் பின்னால்தான் வருகிறது. இது பிளந்த இன்ஃபினிடிவே அல்ல, மிகச் சரியான இடம். இதை ‘கேர்ஃபுல்லி டு பி செக்ட்’ என்று மாற்றுவது பிழை. ‘டு ஹேவ் கம்ப்ளீட்லி ஃபர்காட்டன்’ என்பதும் அப்படியே.

‘லுக் ஃபார்வர்ட் டு ஃபுல்லி ரெஸ்டோரிங்’, ‘கமிட்டட் டு ஃபுல்லி ரெஸ்டோரிங்’ என்ற இடங்களில் வரும் ‘டு’ இன்ஃபினிடிவின் ‘டு’ அல்ல, முன்னிடைச்சொல். பின்னால் ‘இங்’ வடிவம் வருவதே அதன் அடையாளம். அங்கே வினையடை வருவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

‘வில்’, ‘ஹேவ்’, ‘கேன்’ போன்ற துணைவினைக்குப் பின்னால் வினையடை வருவதும் இயல்பான இடமே. அமெரிக்க அதிபரின் பதவிப் பிரமாணத்தில் ‘வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்’ என்று இருக்கிறது. 2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒபாமாவுக்குப் பிரமாணம் செய்துவைத்தபோது ‘ஃபெய்த்ஃபுல்லி’ இடம் மாறிக் கடைசிக்குப் போய்விட்டது. மறுநாள் வெள்ளை மாளிகையில் பிரமாணத்தை மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டியிருந்தது.

ஒற்றைச் சொல்லை நீங்களே தேட

வேர்டின் கட்டம் ஒற்றை வினையடையைக் காட்டாது என்பதால், முக்கியமான ஆவணத்தில் அவற்றையும் பார்க்க விரும்பினால் வைல்டுகார்டு தேடல், அதாவது குறிகளை வைத்து ஒரே அமைப்புள்ள பல சொற்களைத் தேடும் வழி, இருக்கிறது. கன்ட்ரோல் ஹெச் அழுத்தி ஃபைன்ட் பகுதிக்குப் போய், மோர் பொத்தானை விரித்து ‘யூஸ் வைல்டுகார்ட்ஸ்’ என்பதில் டிக் போடுங்கள். தேடும் பெட்டியில் இந்த வரிசையில் தட்டச்சு செய்ய வேண்டும்: < குறி, ‘டு’வின் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, [ ] அடைப்புக்குள் ஏ, சிறுகோடு, இசட், அடுத்து @ குறி, எல், ஒய், கடைசியில் > குறி. எல்லா எழுத்தும் சிறிய எழுத்தாக இருக்கட்டும், வைல்டுகார்டு தேடல் எழுத்து வடிவத்தையும் பார்க்கும். < என்பது சொல்லின் தொடக்கம், > என்பது முடிவு, @ என்பது முந்தைய எழுத்து ஒன்றோ பலவோ வரலாம் என்பதற்கு.

இதில் வேண்டாதவையும் வரும். ‘டு அப்ளை’, ‘டு ரிப்ளை’, ‘டு சப்ளை’, ‘டு ரிலை’, ‘டு ஃப்ளை’ எல்லாம் எல், ஒய்யில் முடிகிற வினைகள். ‘டு ஃபேமிலி’ போன்ற பெயர்ச்சொற்களும் சிக்கும். எனவே ரிப்ளேஸ் ஆல் பக்கம் போகவே கூடாது. ஒவ்வொன்றாக ஃபைன்ட் நெக்ஸ்ட் அழுத்திப் பாருங்கள். ‘டு நெவர்’, ‘டு பெட்டர் அன்டர்ஸ்டேன்ட்’, ‘டு ஈவன்’, ‘டு ஜஸ்ட்’ போன்றவை எல், ஒய்யில் முடியாததால் இதில் அகப்படா. வாக்கியத்தின் முதலில் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘டு’வும் அகப்படாது. அதற்கு முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி இன்னொரு முறை தேடுங்கள்.

கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டியது ஒன்றே. ‘டு’வுக்கு முன்னால் இன்னொரு வினை இருக்கிறதா? இருந்தால் வினையடையை ‘டு’வுக்கு நேர் முன்னால் நகர்த்தாதீர்கள். இல்லையென்றால், அல்லது செயப்படுபொருள் குறுகியதென்றால் உங்கள் காதுக்குப் பட்டபடி செய்யலாம்.

டிக் போட்டும் கோடு வரவில்லையென்றால்

இதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. முதலாவது மொழி. தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் ஆங்கிலப் பத்திக்கு ப்ரூஃபிங் மொழி தமிழ் என்று பதிவாகியிருந்தால் ஆங்கில இலக்கணச் சோதனை அங்கே ஓடாது. பத்தியைத் தேர்ந்து, ரிவ்யூ, லாங்குவேஜ், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் என்று போய் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் ‘டூ நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பத்திகளில் இது அடிக்கடி நடக்கும். இரண்டாவது, ரைட்டிங் ஸ்டைலில் ‘கிராமர்’ மட்டும் தேர்ந்திருப்பது. ஸ்பிளிட் இன்ஃபினிடிவ் நடை சார்ந்த ரிஃபைன்மென்ட் என்பதால் அதில் வராது. மூன்றாவது, ஏற்கெனவே இக்னோர் செய்த வாக்கியம் அப்படியே நினைவில் இருப்பது. ப்ரூஃபிங் பக்கத்தில் உள்ள ‘ரீசெக் டாக்குமென்ட்’ பொத்தானை அழுத்தினால் பழைய நினைவு அழிந்து சோதனை புதிதாக ஓடும்.

கோட்டின் வடிவத்தையும் கவனியுங்கள். புதிய பதிப்புகளில் இலக்கணப் பிழைக்கு நீல இரட்டைக் கோடு, நடை பற்றிய பரிந்துரைக்குப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டைப் பிழை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சொந்த விதி எழுத விரும்புகிறவர்களுக்கு

வேர்டின் வரம்பை மாற்றி நுணுக்கமாக்க வேண்டும் என்றால் லாங்குவேஜ்டூல் பக்கம் போகலாம். 2003இல் டேனியல் நாபர் தொடங்கிய திறந்தமூல இலக்கணச் சோதனை அது. விதிகளை எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட எழுத்துக் கோப்பு வடிவில் நாமே எழுதிச் சேர்க்க முடியும். அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு டோக்கன். அதன் எழுத்தைக் கொண்டும் குறிக்கலாம், சொல்வகையைக் கொண்டும் குறிக்கலாம். பிளந்த இன்ஃபினிடிவைவிட உண்மையில் பயனுள்ள விதி இதுதான்: ஒரு வினை, அதன்பின் வினையடை, உடனே ‘டு’, அடுத்து வினையின் அடிவடிவம். ‘டிசைடட் இமீடியட்லி டு லீவ்’ போன்ற இரண்டு பக்கமும் பார்க்கும் வினையடைகளை இது பிடித்துத் தரும். வினைக்கும் வினையடைக்கும் இடையே ‘அஸ்’, ‘ஹிம்’, ‘மீ’ போன்ற சொல் வரலாம் என்று ஒரு விருப்ப டோக்கனையும் சேர்த்தால் ‘ஆஸ்க்ட் அஸ் குவைட்லி டு செக்’ என்பதும் அகப்படும். ‘நாட்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ மூன்றையும் விதிவிலக்காகப் போட்டுவிடுங்கள். ‘நாட் டு’, ‘நெவர் டு’ இரண்டும் சரியான வழக்கு, ஒவ்வொன்றையும் பிடித்தால் ஆவணம் முழுக்கக் கோடாகிவிடும். ‘ஒன்லி’க்குத் தனியாக வேறு விதி வேண்டும்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீதிமன்ற மனு, மூத்த அதிகாரிக்குப் போகும் குறிப்பு போன்றவற்றில் பிளந்த ‘டு’வைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் வாசகர் இருக்கக்கூடும். அங்கே ஒற்றைச் சொல்லால்கூடப் பிளக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் அதற்கு வினையடையை ஓர் அடி முன்னால் தள்ளாதீர்கள். வினையடையின் வேலையையும் சேர்த்துச் செய்யும் வேறு வினையைத் தேடுங்கள். ‘டு குயிக்லி ஃபினிஷ்’ என்பதற்கு ‘டு எக்ஸ்பெடைட்’ இருக்கிறது. ‘டு கம்ப்ளீட்லி ரிமூவ்’ என்பதற்கு ‘டு எலிமினேட்’ இருக்கிறது. அப்படிச் சொல் கிடைக்காத இடத்தில் ‘தட்’ போட்டு முழு வாக்கியமாக விரியுங்கள்: ‘ரிக்வெஸ்டட் தட் தி அக்கவுன்ட்ஸ் பி செக்ட் குவைட்லி’.